அணைந்த தீ மறுபடி பற்றுமா?

கேள்வி: எங்கள் வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்ஸ்கூட்டர் தீப்பிடித்து, மெத்தையும் எரிந்தது. குடிமைத் தற்காப்புப் படையினர் அணைத்துவிட்டார்கள். இனி பயமில்லையா?
— வாசகி, ஈசூன்

பதில்: இருக்கிறது. அதிகம் ஏமாற்றுவது மெத்தைதான். மேலே நனைந்திருந்தாலும் உள்ளே பஞ்சு கனன்றுகொண்டிருக்கும்; புரட்டினால் காற்றுப் பட்டு எரியும். அதை மின்தூக்கியில் மட்டும் ஏற்றிவிடாதீர்கள்!

லித்தியம் பேட்டரி வேறு ரகம். சேதமான செல்லின் சூடு பக்கத்துச் செல்லுக்குத் தாவும். மணிக்கணக்கில், ஏன், சில நாள் கழித்தும் பற்றலாம். மிச்சம் கிடந்தால் தொடாதீர்கள்.

சுவர், அலமாரி பக்கம் புறங்கையைத் தொடாமல் நீட்டிச் சூடு பாருங்கள். புகையோ கருகல் வாடையோ கூடினால் கதவைச் சாத்திவிட்டு வெளியேறி, 995ஐ அழையுங்கள். மின்சாரத்தைத் துண்டித்து விழுந்த பிரேக்கரை, உரிமம் பெற்ற மின்பணியாளர் வயர்களைச் சோதிக்கும்வரை ஏற்றக்கூடாது. உறை உருகிய வயரில் மின்சாரம் பாய்ந்தால் அங்கிருந்தே அடுத்த தீ.