மாடிப்படி விளக்கு 5 நிமிடம் எரிய என்ன மாற்ற வேண்டும்?

கேள்வி: எங்கள் குடியிருப்பின் மாடிப்படி விளக்கு, பொத்தானை அமுக்கினால் ஒரு நிமிடம்கூட எரிவதில்லை. மூன்றாம் மாடி ஏறும் பெரியவர்களுக்கு 5 நிமிடமாவது வேண்டும். "ஐசி வீக், போர்டையே மாற்றணும்" என்கிறார் மெக்கானிக். அதில் 555 ஐசி (நேரம் கணக்கிடும் சிப்), 470 கிலோ ஓம் ரெசிஸ்டர், 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இருக்கின்றன.

பதில்: ஐசி நன்றாகத்தான் இருக்கிறது. 470 கிலோ ஓமையும் 100 மைக்ரோஃபாரட்டையும் பெருக்கினால் 47 விநாடி; அதை 1.1 ஆல் மீண்டும் பெருக்குங்கள்: 52 விநாடி. உங்கள் போர்டு அந்தக் கணக்குப்படியேதான் ஓடுகிறது. போர்டு விற்றால் கமிஷன் உண்டு, ஒரு கெப்பாசிட்டர் மாற்றினால் என்ன கிடைக்கும்? அதனால்தான் ஐசி "வீக்" ஆகிறது.

கெப்பாசிட்டரை 470 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் தாங்குவதாக மாற்றுங்கள். ரெசிஸ்டரை 560 கிலோ ஓம் ஆக்குங்கள். கணக்குப்படி 290 விநாடி, 5 நிமிடத்துக்குப் பத்து விநாடிதான் குறைவு. இந்த வகைக் கெப்பாசிட்டர் எழுதிய மதிப்பிலிருந்து 20 சதவீதம் முன்பின் இருக்கும். அதனால் 290 விநாடி அச்சாக வராது. கூடக் குறைய இருந்தால் ரெசிஸ்டரை மட்டும் மாற்றிச் சரிசெய்யலாம்.

கடையில்தான் கவனம் வேண்டும். பழைய போர்டுகளில் கழற்றிய கெப்பாசிட்டரைப் புது உறை மாட்டி விற்கிறார்கள்; ஒருமுறை நானும் ஏமாந்திருக்கிறேன். கால்கள் நீளமாக, ஈயம் படாமல் இருக்கிறதா பாருங்கள். பழைய கெப்பாசிட்டரில் மின்சாரம் உள்ளுக்குள்ளேயே கசியும். 12 வோல்ட் போர்டில் விளக்கு அணைய, கெப்பாசிட்டர் 8 வோல்ட்டைத் தொட வேண்டும். அந்த நேரத்தில் 560 கிலோ ஓம் வழியாக வருவது வெறும் 7 மைக்ரோ ஆம்பியர். கசிவு அதைவிட அதிகமானால் 8 வோல்ட் வரவே வராது, விளக்கு விடிய விடிய எரியும். பாலிடெக்னிக்கில் 1.1 சூத்திரத்தை நெட்டுருப் போட வைக்கிறோம். கசிவைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை. அப்புறம் பையன் ஐசியை மாற்றாமல் என்ன செய்வான்?

ஒன்றே ஒன்றில் மட்டும் நீங்கள் கை வைக்கக் கூடாது. போர்டுக்குக் கரண்ட் கொடுக்கும் இடத்தில் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறதா பாருங்கள். இல்லாமல் ஒரு சதுரப் பெட்டிக் கெப்பாசிட்டர் மட்டும் இருந்தால், அந்த 12 வோல்ட் பக்கமும் 230 வோல்ட் லைனோடு நேரடியாகச் சேர்ந்தது. மல்டிமீட்டர் 12 என்றுதான் காட்டும். தொட்டால் ஷாக் அடிக்கும். சுவிட்சை அணைத்த பிறகும் அந்தப் பெட்டியில் சார்ஜ் நிற்கலாம். சுவிட்சே நியூட்ரல் பக்கம் போட்டிருந்தால், அணைத்தும் பயனில்லை. நம் கட்டடங்களில் அதுவும் நடக்கிறது. எந்த போர்டானாலும் மெயினை இறக்கிவிட்டுத்தான் தொட வேண்டும்; டிரான்ஸ்ஃபார்மர் தெரியாவிட்டால் விவரம் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள்.

கெப்பாசிட்டரின் உடம்பில் கோடு போட்ட பக்கம் மைனஸ். பழையதைக் கழற்றும் முன் அது எந்தப் பக்கம் இருந்தது என்று செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.