நிலாவெளி மணலில் வளராத யூக்கலிப்டஸ் கன்று

வணக்கம். உங்கள் நிலாவெளி வளவில் நட்ட யூக்கலிப்டஸ் கன்றுகள் பத்து மாதமாகியும் முழங்கால் உயரத்திலேயே நிற்கின்றன, மண்ணில் பொசுபரசு மிகக் குறைவாம், ஆனால் அடுத்த வளவில் அதே மணலில் பெரிய யூக்கலிப்டஸ் மரம் செழிக்கிறதே என்று கேட்டிருந்தீர்கள்.

அந்தப் பெரிய மரத்துக்குச் சேமிப்பு இருக்கிறது. அவுஸ்திரேலியாவின் மிகப் பழைய, சத்துக் கழுவப்பட்ட மண்ணில் உருவான இனம் அது. இலை உதிரும் முன்பே அதிலுள்ள பொசுபரசில் பெரும்பகுதியை உள்ளே இழுத்துப் புதுத் தளிருக்குக் கொடுத்துவிடும். மரத்தின் வைரமாகும் பகுதியிலிருந்தும் அப்படியே. வேரோடு சேர்ந்து வாழும் பங்கசின் (பூஞ்சையின்) மெல்லிய இழைகள் வேர் எட்டாத இடத்திலிருந்தும் சத்தைக் கொண்டுவரும். சின்னக் கன்றுக்கு இது எதுவும் இன்னும் இல்லை.

முதலில் அடி இலைகளைப் பாருங்கள். பொசுபரசுக் குறை முதிர்ந்த இலையில்தான் முதலில் ஊதாவாகத் தெரியும். தளிர் சிவந்திருப்பது இயல்பு, பயப்படாதீர்கள்.

அப்புறம், அடுத்த வளவுக்காரரிடம் கேட்டுக்கொண்டு அந்தப் பெரிய மரத்தடி மண்ணில் ஒரு வாளி எடுத்து, கன்றுகளின் வேரருகே கலந்துவிடுங்கள். பங்கசு அதிலிருந்து வரும். ரி.எஸ்.பி. (ட்ரிபிள் சுப்பர் பொசுபேற்று) என்ற பொசுபரசுப் பசளையைத் தண்டில் படாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போடுங்கள். மணல் அதைப் பிடித்து வைக்காது. எப்பாவலையில் தோண்டியெடுக்கும் பாறைப் பொசுபேற்று மலிவுதான், ஆனால் சிப்பி கலந்த கடற்கரை மண்ணில் சரியாகக் கரையாது. உதிர்ந்த இலையைக் கூட்டி எரிக்க மட்டும் வேண்டாம்.