புது லினக்ஸ் டெஸ்க்டாப், புதுத் தலைவலிகள்: கேள்வி பதில்

லினக்ஸ் போட்டு ஒரு வாரம்கூட ஆகாதவர்களின் கேள்விகள்தான் இந்த முறை அதிகம். கீழே வரும் க்னோம், பிளாஸ்மா, எக்ஸ்எஃப்சிஇ மூன்றும் லினக்ஸில் கிடைக்கும் வெவ்வேறு டெஸ்க்டாப்கள். பதிலுக்குள் போகும் முன் ஒரு பழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். டெஸ்க்டாப்பில் எது கோளாறானாலும், முதலில் புதிதாக ஒரு பயனர் கணக்கை உருவாக்கி அதில் நுழைந்து பாருங்கள். அங்கே எல்லாம் ஒழுங்காக இருந்தால், சிக்கல் உங்கள் சொந்தக் கோப்புகளும் அமைப்புகளும் இருக்கும் ஹோம் போல்டருக்குள் இருக்கிறது. அங்கேயும் அதே கதை என்றால் டிரைவர், பேக்கேஜ் பக்கம் தேட வேண்டும். இரண்டு நிமிட வேலைதான். இதைச் செய்யாமல் முழு சிஸ்டத்தையும் அழித்து மறுபடி போட்டவர்களில் நானும் ஒருவன்.

பாஸ்வேர்டு சரியாகத்தான் கொடுக்கிறேன் அண்ணா. திரை ஒரு நொடி கறுத்துவிட்டு மறுபடி லாகின் திரைக்கே வந்துவிடுகிறது. தப்பான பாஸ்வேர்டு கொடுத்தால் மட்டும் தப்பு என்று சொல்கிறது. திரும்ப இன்ஸ்டால் செய்யட்டுமா?

வேண்டாம். தப்பான பாஸ்வேர்டைத் தப்பு என்று சொல்கிறதே, அதுவே நல்ல துப்பு. உங்களை உள்ளே விடுகிறது. உள்ளே போனதும் டெஸ்க்டாப்தான் தொடங்க முடியாமல் விழுகிறது.

லாகின் திரையில் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். வெறும் எழுத்துத் திரை வரும். அதில் உங்கள் பெயரிலேயே நுழையுங்கள். முதலில் வட்டில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். 100% நிரம்பியிருந்தால் டெஸ்க்டாப்பால் தன் தற்காலிகக் கோப்பைக்கூட எழுத முடியாது. பழைய டவுன்லோடுகளை அழித்தாலே சரியாகிவிடும்.

இடம் இருக்கிறதா? அப்புறம் ஹோம் போல்டரில் புள்ளியில் தொடங்கும் மறைகோப்புகளைப் பட்டியலிட்டு, எக்ஸ்அதாரிட்டி, ஐஸ்அதாரிட்டி இரண்டும் யார் பெயரில் இருக்கின்றன என்று பாருங்கள். உங்கள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ரூட் (முழு அதிகாரம் உள்ள நிர்வாகிக் கணக்கு) என்று இருந்தால் ஆள் அகப்பட்டாயிற்று. சூடோ போட்டு, அதாவது ரூட்டின் அதிகாரத்தோடு, ஏதாவது ஜன்னல் உள்ள செயலியைத் திறந்திருப்பீர்கள். அது இந்தக் கோப்பைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டது. அழிக்க வேண்டாம், பெயரை மட்டும் மாற்றி வையுங்கள். அடுத்த லாகினில் புதிதாக ஒன்று உருவாகும்.

இரண்டும் இல்லையென்றால், லாகின் செய்யும்போது ஓடும் ப்ரொஃபைல் கோப்பில் அண்மையில் ஏதாவது வரி சேர்த்தீர்களா என்று யோசியுங்கள். எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய ஒரு வரியில் வெளியேறும் கட்டளை இருந்தால், அது டெஸ்க்டாப்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வெளியேறிவிடும்.

என்னுடையது எக்ஸ்எஃப்சிஇ. பேனலில் எதையோ நீக்கப் போய் பேனலே போய்விட்டது. மெனு இல்லை, கடிகாரம் இல்லை. அமைப்புக் கோப்பை அழித்துப் பார்த்தேன், அதுவும் பலிக்கவில்லை.

டெஸ்க்டாப்பின் காலி இடத்தில் வலது க்ளிக் செய்யுங்கள். செயலிகள் பட்டியல் அங்கேயும் உண்டு. அதில் செட்டிங்ஸ், பேனல் என்று போனால் புதுப் பேனல் சேர்க்கலாம். பேனல் ப்ரொஃபைல்ஸ் என்ற பேக்கேஜ் இருந்தால் இன்னும் சுலபம்: அதே ஜன்னலில் காப்பு எடுக்கவும் மீட்கவும் ஒரு பொத்தான் வரும், ஆயத்த அமைப்புகளும் கூடவே கிடைக்கும். பேனலைச் சரிசெய்த கையோடு ஒரு காப்பு எடுத்து வையுங்கள்.

கோப்பை அழித்தது ஏன் பலிக்கவில்லை என்பதுதான் சுவையான பகுதி. எக்ஸ்எஃப்சிஇயில் எக்ஸ்எஃப்கான்ஃப்-டி என்று ஒரு பின்னணிச் சேவை எல்லா அமைப்புகளையும் நினைவகத்தில் வைத்துக்கொண்டிருக்கும். நீங்கள் உள்ளே இருக்கும்போது கோப்பை அழித்தால், அது தன்னிடம் இருக்கும் பழையதையே திரும்ப எழுதிவிடும். லாகவுட் செய்து, மேலே சொன்ன எழுத்துத் திரைக்குப் போய், அந்தச் சேவை இன்னும் ஓடினால் நிறுத்திவிட்டு, கோப்பின் பெயரை மாற்றுங்கள். அப்போதுதான் பலிக்கும்.

க்னோமில் திரை அளவை 125% வைத்தேன். சில ஜன்னல்களில் எழுத்து கூர்மை, சிலவற்றில் கண்ணாடி கழற்றியது போல மங்கல். டிரைவர் பிரச்சினையா?

இல்லை. ஜன்னல்களைத் திரையில் காட்டும் புது முறை வேலண்ட், பழைய முறை எக்ஸ்11. வேலண்டில் நேரடியாக ஓடும் செயலிகள் கூர்மையாக வரைகின்றன. பழைய எக்ஸ்11 செயலிகள் எக்ஸ்வேலண்ட் என்ற இடைத்தரகர் வழியாக வருகின்றன. அவற்றின் படத்தை இழுத்துப் பெரிதாக்குவதால்தான் மங்கல்.

எது எந்த ரகம் என்று கண்டுபிடிக்க ஒரு வேடிக்கையான வழி உண்டு. எக்ஸ்ஐஸ் என்று ஒரு பழைய பொம்மை நிரல். இரண்டு கண்கள், மவுஸ் போகும் பக்கம் பார்க்கும். அதை ஓடவிட்டு, சந்தேகப்படும் ஜன்னலின் மேல் மவுஸை நகர்த்துங்கள். கண்கள் கூடவே உருண்டால் அது எக்ஸ்11 செயலி. கண்கள் அசையாமல் நின்றால் வேலண்ட்.

மங்கலாக இருப்பது உலாவி என்றால் அதை வேலண்டிலேயே ஓட வைக்கும் தேர்வு அதற்குள் இருக்கிறதா என்று பாருங்கள். மற்றபடி என் யோசனை: திரை அளவை 100%க்கே திருப்பிவிட்டு, ட்வீக்ஸ் செயலியில் எழுத்துருப் பகுதிக்குப் போய் அளவை 1.25 ஆக்குங்கள். ஐகான்கள் அவ்வளவாகப் பெரிதாகா, ஆனால் எழுத்து எல்லா இடத்திலும் கூர்மை. பிளாஸ்மாக்காரர்களுக்கு இந்தச் சுற்றுவழி வேண்டாம். திரை அமைப்பிலேயே, பழைய செயலிகள் தாங்களே அளவை மாற்றிக்கொள்ளட்டும் என்று ஒரு தேர்வு இருக்கிறது.

பிளாஸ்மாவில் தமிழ்99 விசைப்பலகை சேர்த்தேன். ஒரு செயலியில் வருகிறது, இன்னொன்றில் ஆங்கிலமே வருகிறது.

பிற மொழியில் தட்டச்சிட உதவும் எஃப்சிடிக்ஸ்5 போட்டிருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். வேலண்டில் அதைத் தானாகத் தொடங்கும் பட்டியலில் சேர்த்தால் போதாது. சிஸ்டம் செட்டிங்ஸில் விர்ச்சுவல் கீபோர்டு பக்கம் போய் எஃப்சிடிக்ஸ்5ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெயரைப் பார்த்து அது தொடுதிரைக்கானது என்று எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள், நானும்தான் போனேன். பிறகு லாகவுட் செய்து திரும்ப வாருங்கள். க்னோம் என்றால் அதே வேலையைச் செய்யும் ஐபஸ் கூடவே வருகிறது. அதற்கான எம்17என் பேக்கேஜைப் போட்டால் கீபோர்டு பட்டியலில் தமிழ்99 தெரியும்.

டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் ஜன்னலில், கொம்பும் காலும் தனித்தனியாகச் சிதறித் தெரிவது வேறு விஷயம். அங்கே ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே அகலக் கட்டம். அதற்குள் தமிழ் அடங்க மறுக்கிறது. உங்கள் தட்டச்சில் பிழை இல்லை.

சிஸ்டத்தை மேம்படுத்தியதும் க்னோம் எக்ஸ்டென்ஷன்கள் பாதி செத்துவிட்டன.

எக்ஸ்டென்ஷன்கள் க்னோமுக்குக் கூடுதல் வசதி தரும் துணை நிரல்கள், ஒவ்வொரு பெரிய பதிப்பிலும் கொஞ்சம் சாகும். 2023 செப்டம்பரில் வந்த க்னோம் 45இல் நிரல் எழுதும் முறையே மாறியதால், திருத்தி எழுதப்படாத எக்ஸ்டென்ஷன் ஒன்றுகூட ஓடவில்லை. எக்ஸ்டென்ஷன் இல்லாமல் க்னோமில் இருக்கவே முடியாது என்றால், உங்களுக்கு ஏற்றது வேறு டெஸ்க்டாப் என்று நினைக்கிறேன். மினிமைஸ் பொத்தானுக்கு மட்டும் என்றால் எக்ஸ்டென்ஷனே வேண்டாம், ட்வீக்ஸ் போதும்.

விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில். மாறி மாறிப் போனால் கடிகாரம் பல மணி நேரம் தள்ளிப் போகிறது.

மதர்போர்டு கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகப் படிக்கிறது, லினக்ஸ் யுடிசி என்ற உலகப் பொது நேரமாகப் படிக்கிறது. இருவரில் ஒருவரை மாற்ற வேண்டும். விண்டோஸை யுடிசிக்கு மாற்றுவதுதான் நல்லது.

ஒரே க்ளிக்கில் போல்டர் திறந்துகொண்டிருந்தது. பிளாஸ்மா 6இல் இரண்டு கேட்கிறது.

2024 பிப்ரவரியில் 6 வந்தபோது இயல்பிருப்பையே மாற்றிவிட்டார்கள். சிஸ்டம் செட்டிங்ஸில் பொதுவான நடத்தை பற்றிய பக்கத்தில் பழையபடி வைத்துக்கொள்ளலாம்.

எக்ஸ்எஃப்சிஇயில் ஜன்னலின் ஓரத்தைப் பிடித்து இழுக்கவே முடியவில்லை. மவுஸை மயிரிழை பிசகாமல் வைக்க வேண்டியிருக்கிறது.

நீங்கள் வைத்திருக்கும் தீமில் (ஜன்னலின் தோற்ற அமைப்பில்) ஓரம் ஒரே ஒரு பிக்சல்தான் இருக்கும். கொஞ்சம் தடித்த ஓரம் உள்ள தீமுக்கு மாறலாம். நான் மாறவில்லை. ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு, ஜன்னலுக்குள் எங்கே வேண்டுமானாலும் வலது பொத்தானால் இழுங்கள், அளவு மாறும். இடது பொத்தானால் இழுத்தால் ஜன்னல் நகரும். இரண்டு நாள் பழகினால் ஓரம் எங்கே இருக்கிறது என்பதே மறந்துவிடும்.