பல்பு கம்பெனியின் டீம்

ஐயா, வணக்கம்.

நெதர்லாந்தில், ஐந்தோவனை ஒட்டிய ஃபெல்ட்ஹோவனில் இருக்கிறேன். சிப் தயாரிக்கும் எந்திரங்களைச் செய்யும் ஏ.எஸ்.எம்.எல். கம்பெனியில் வேலை. வந்து இரண்டு வருடம் ஆகிறது. எனக்குக் கிரிக்கெட்தான் தெரியும். போன மாதம் ஆபீஸ் நண்பர் ஒருவர் இந்த ஊர்க் கால்பந்து அணியான பி.எஸ்.வி.யின் ஆட்டத்துக்குக் கூட்டிப்போனார். பக்கத்து சீட்டில் எழுபதைத் தாண்டிய தாத்தா ஒருவர். கழுத்தில் கிடந்த சிவப்பு வெள்ளை மஃப்ளருக்கு என் வயதாவது இருக்கும். கோல் விழுந்ததும் யார் எவர் என்று பார்க்காமல் என் தோளைப் பிடித்து உலுக்கி எடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால், பி.எஸ்.வி.யில் 'பி' என்பது பிலிப்ஸ்! நம் வீட்டு டியூப்லைட் பிலிப்ஸ். கம்பெனி தன் ஆட்களுக்காக ஆரம்பித்த டீமாம். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அயாக்ஸ் ரசிகரான ஆம்ஸ்டர்டாம்காரர் ஒருவர், "அது பல்பு கம்பெனி டீம்தானே" என்று சிரிக்கிறார். ஒரு முதலாளி வைத்த அணிக்காக ஒரு ஊரே உருகுமா? இது உண்மையான பற்றா, நூறு வருட விளம்பரமா?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

ஆம்ஸ்டர்டாம்காரர் சொன்னது சரிதான். பல்பு கம்பெனி டீம்தான். ஐந்தோவன்காரர்கள் அதை மறைப்பதும் இல்லை. ஊரின் செல்லப்பெயரே 'ஒளி நகரம்'. கார்னிவல் நாட்களில் 'லாம்பெகாட்' என்று ஊருக்கு அவர்களே பெயர் சூட்டிக்கொள்வார்கள். 'விளக்குப் பொந்து' என்று சொல்லிக்கொள்ளலாம். பி.எஸ்.வி. ரசிகர்களுக்கு இன்னொரு பட்டமும் உண்டு: 'பூரன்', அதாவது குடியானவர்கள், பட்டிக்காட்டான்கள். மற்ற ஊர்க்காரர்கள் ஏசியதை எடுத்துத் தங்கள் கோஷமாக்கிக்கொண்டார்கள். இவர்களிடம் போய் "பல்பு" என்று சொல்லிச் சிரித்தால் கூடச் சேர்ந்து சிரிப்பார்கள்.

உங்கள் கேள்வியில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் ஊர், அப்புறம் கம்பெனி, அப்புறம் கம்பெனி ஊர் தலையில் கட்டிய டீம். ஐந்தோவனில் அந்த வரிசை பொருந்தாது.

1891இல் ஜெரார்ட் பிலிப்ஸ் என்ற எஞ்சினியர், வங்கி நடத்திய தன் அப்பா ஃபிரெடரிக்கின் பணத்தோடு இங்கே வந்து, காலியாகக் கிடந்த ஓர் ஆலையை வாங்கி பல்பு செய்ய ஆரம்பித்தார். 1895இல் தம்பி ஆண்டன் சேர்ந்தார். அண்ணனுக்குச் செய்யத் தெரியும், தம்பிக்கு விற்கத் தெரியும். ஆட்கள் பெருகினார்கள், குடியிருக்க வீடு இல்லை. 1910இல் பக்கத்து ஊரான ஸ்ட்ரைப்பில் தொழிலாளர்களுக்கென்று 'பிலிப்ஸ்டார்ப்' என்ற குடியிருப்பு எழும்பத் தொடங்கியது. கூடவே ஒரு மைதானம். அதில் 'பிலிப்ஸ் பதினொருவர்' என்று ஒரு டீம் ஆடியது. 1913இல், பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து விடுபட்ட நூற்றாண்டு விழாவை நாடே கொண்டாடிய வருடத்தில், பிலிப்ஸ் ஸ்போர்ட் ஃபெரேனிஹிங், அதாவது பிலிப்ஸ் விளையாட்டுச் சங்கம், ஆகஸ்ட் 31 அன்று பிறந்தது. நீங்கள் உட்கார்ந்து பார்த்த ஸ்டேடியம் அதே இடத்தில்தான் நிற்கிறது. வாசல் தெருவின் பெயர் ஃபிரெடரிக்லான். பிலிப்ஸ் குடும்பத்துப் பெயர்தான்.

கவனியுங்கள், 1913இல் அந்த இடம் ஐந்தோவனே இல்லை. ஸ்ட்ரைப் தனி ஊர். ஸ்ட்ரைப், வூன்சல், ஸ்ட்ராட்டும், கெஸ்டல், டோங்கல்ர என்ற ஐந்து ஊர்களும் ஐந்தோவனோடு சேர்ந்தது 1920 ஜனவரி 1 அன்று. நீங்கள் இன்று பஸ் பிடித்துப் போகிற ஐந்தோவன் நகரத்தைவிட பி.எஸ்.வி. ஆறு வயதுக்குமேல் மூத்தது. ஒட்டவைத்ததே பல்பு ஆலைதான். உள்ளூரில் ஆள் போதாமல் நாட்டின் வடகிழக்கே ட்ரெந்தே மாகாணத்திலிருந்து குடும்பம் குடும்பமாகக் கூட்டிவந்து 1920களின் கடைசியில் 'ட்ரெந்தே கிராமம்' என்றே ஒரு குடியிருப்பு கட்டினார்கள். ஸ்டேடியத்திலிருந்து நடக்கிற தூரம்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். தலைவலி மாத்திரையும் ஷாம்பூவும் வாங்க நீங்கள் போகும் 'ஏட்டோஸ்' கடை இருக்கிறதே, அதுவும் பிலிப்ஸ் தொழிலாளர்களின் கூட்டுறவுப் பண்டகசாலையாக ஆரம்பித்ததுதான். வீடு, கடை, பள்ளிக்கூடம், வைத்தியம், பந்து, எல்லாம் ஒரே கையிலிருந்து வந்தன. அது தர்மம் இல்லை. வேலையாளை விட்டுவிடாமல் வைத்துக்கொள்ளும் வழி. அந்தக் காலத்து முதலாளிகள் அதை ஒளித்துச் செய்யவுமில்லை.

சிவப்பு வெள்ளை எப்படி வந்தது என்று கிளப்பில் ஒரு கதை சொல்வார்கள். முதல் தலைவர் யான் வில்லம் ஹோஃப்கஸ் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார். முன்னால் வெள்ளைக் குறிப்பேடு, பக்கத்தில் ஒரு கிளாஸ் சிவப்பு ராஸ்பெர்ரி பானம். இந்த இரண்டு நிறமும் நன்றாக இருக்கிறதே என்று தோன்றியதாம். நான் நம்புகிறேன். கமிட்டிகள் இப்படித்தான் முடிவெடுக்கும்.

உங்கள் சந்தேகத்துக்கு இடம் கொடுக்கும் விஷயம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1928 வரை பிலிப்ஸில் வேலை செய்யாதவன் பி.எஸ்.வி.க்கு ஆட முடியாது. அதுவரை அது உண்மையிலேயே கம்பெனி டீம்தான். அந்த வருடம் கதவைத் திறந்தார்கள், அடுத்த வருடமே முதல்முறையாக நெதர்லாந்து சாம்பியன். இந்த ஊரில் இன்னொரு கிளப் இருக்கிறது, தெரியுமா? எஃப்.சி. ஐந்தோவன், நீலம் வெள்ளை, 1909இல் தொடங்கியது. முதலாளி யாருமில்லை, 'மக்கள் கிளப்' என்று பெயர். 1954இல் சாம்பியன்கூட ஆனார்கள். உங்கள் கணக்குப்படி ஊர் அதன் பின்னால் போயிருக்க வேண்டும். இன்று அது இரண்டாம் டிவிஷனில், யான் லாவர்ஸ் ஸ்டேடியத்தில் சில ஆயிரம் பேருக்கு முன்னால் ஆடுகிறது. பிலிப்ஸ் ஸ்டேடியத்தில் முப்பத்தைந்தாயிரம் சீட். தொழிற்சாலைதான் ஊரில் பெரும்பாலானோரின் வீடு என்றால், தொழிற்சாலையின் கிளப் மக்கள் கிளப் ஆகாமல் வேறென்ன ஆகும்?

பணம் விளையாடவில்லை என்று சொல்லமாட்டேன். நன்றாகவே விளையாடியது. 1985இல் ஃபெய்னூர்டிலிருந்து ரூட் குல்லிட், 1986இல் அயாக்ஸிலிருந்து ரொனால்ட் கூமனும் ஹெரால்ட் ஃபானன்பர்கும். உங்கள் ஆம்ஸ்டர்டாம் நண்பரின் சிரிப்பில் கொஞ்சம் எரிச்சலும் இருந்திருக்கும், காரணம் இதுதான். பின்னால் பிரேசிலிலிருந்து ரொமாரியோ. அப்புறம் 1994இல் பதினேழு வயதுப் பையனாக ரொனால்டோ வந்து முதல் சீசனிலேயே லீகில் 30 கோல் போட்டார். ஆனால் ஸ்டேடியத்துக்கு வெளியே சிலையாக நிற்பது இவர்களில் யாருமில்லை. வில்லி ஃபான் டர் கௌலன். பக்கத்து ஊர் ஹெல்மொண்ட்காரர், கூச்ச சுபாவம். 1964 முதல் 1981 வரை இதே சட்டை. நெதர்லாந்து முதல் டிவிஷனில் 311 கோல், அதில் 308 பி.எஸ்.வி.க்காக. அந்தக் கணக்கை இன்னும் யாரும் தாண்டவில்லை. 1978இல் யுவேஃபா கோப்பை வென்ற அணியிலும் அவர் இருந்தார். 2021இல் காலமானார்.

கோப்பை என்றதும் 1988க்கு வந்துதான் ஆகவேண்டும். ஐரோப்பியக் கால்பந்தில் இதைப்போல ஒரு விநோதமான வெற்றியை நான் பார்த்ததில்லை. அந்த சீசன் உள்ளூர் லீகில் பி.எஸ்.வி. போட்ட கோல் 117. பந்து காலில் பட்டாலே கோல் என்கிற மாதிரி. அதே அணி ஐரோப்பியக் கோப்பையில் கால் இறுதிக்கு வந்ததும் வாயை மூடிக்கொண்டது. பிரான்சின் போர்தோவோடு (Bordeaux) 1-1, 0-0. ரியல் மாட்ரிட்டோடு 1-1, 0-0. இரண்டு ஆட்டமும் சேர்ந்து சமமானால் வெளியூரில் அதிக கோல் போட்டவருக்கே வெற்றி என்பது அன்றைய விதி. வெளியூரில் போட்ட அந்த ஒரு கோலை வைத்தே இரண்டு சுற்றையும் தாண்டினார்கள். மே 25, ஸ்டுட்கார்ட்டில் இறுதி ஆட்டம், எதிரே போர்ச்சுகலின் பென்ஃபிகா. அதிலும் 0-0, கூடுதல் நேரத்திலும் அதே. ஐந்து ஆட்டம், ஐந்தும் டிரா, அடித்தது மொத்தம் இரண்டே கோல். அப்புறம் பெனால்டி. ஐந்து ஐந்து முடிந்தும் சமம். ஆறாவதை பி.எஸ்.வி.யின் யான்சன் போட்டார். பென்ஃபிகாவின் வெலோசோ ஓடிவந்து அடித்ததை கோல்கீப்பர் ஹான்ஸ் ஃபான் ப்ரூகலன் பாய்ந்து தடுத்தார். 6-5. கோப்பையைத் தூக்கியவர் பெல்ஜியக்காரரான கேப்டன் எரிக் கெரட்ஸ், கோச் குஸ் ஹிடிங்க். லீகும் உள்நாட்டுக் கோப்பையும் ஏற்கெனவே கையில். கடைசி ஐந்து ஆட்டத்தில் ஒன்றைக்கூட ஜெயிக்காமல் ஐரோப்பாவை ஜெயித்தார்கள். நம் ஊர் பேச்சில் சொன்னால், பல்பு கம்பெனியிடம் மாட்ரிட்டே பல்பு வாங்கியது. சரியாக ஒரு மாதம் கழித்து நெதர்லாந்து யூரோ கோப்பையை வென்றபோது கோல்கம்பத்தில் நின்றவரும் அதே ஃபான் ப்ரூகலன்தான்.

எனக்கு அது அடுத்த நாள் பேப்பரில் நாலு வரிச் செய்தி. படித்துவிட்டு நிமிர்ந்தால் அலமாரிமேல் அப்பாவின் பிலிப்ஸ் ரேடியோ, முகப்பில் அந்த வட்டத்துக்குள் அலைகளும் நட்சத்திரங்களும். இந்த டப்பாவுக்கு ஒரு டீம் இருக்கிறதா என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதனால் உங்கள் 'சப்பென்று' எனக்குப் புரிகிறது. எனக்கு மட்டும் அது நேர்மாறாக வேலை செய்தது.

இனி உங்கள் கேள்வியின் அடியில் இருக்கும் ஆளுக்கு வருகிறேன், முதலாளிக்கு. ஆண்டனின் மகன் ஃபிரிட்ஸ் பிலிப்ஸ், 1905இல் பிறந்தவர். ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போது ஊரைவிட்டுப் போகாமல் இருந்தவர். 1943இல் சில மாதம் நாஜிகளின் ஃபுக்ட் வதைமுகாமில் அடைபட்டார். அந்த முகாமில் பிலிப்ஸ் நடத்திய பட்டறையின் தயவில் 382 யூதர்கள் உயிர் பிழைத்தார்கள். அதற்காக 1996இல் இஸ்ரேலின் யூதப் படுகொலை நினைவு அமைப்பான யாத் வஷேம் அவரைக் கௌரவித்தது. பின்னால் கம்பெனித் தலைவர். ஊரில் அவருக்குப் பெயர் 'மெனெயர் ஃபிரிட்ஸ்', ஃபிரிட்ஸ் ஐயா என்கிற மாதிரி. ஆட்டம் பார்க்க அவருக்கு வி.ஐ.பி. மாடம் தேவைப்படவில்லை. 'டி' பகுதி, 22ஆம் வரிசை, 43ஆம் சீட். ஜனங்களோடு ஜனமாக. 2005 ஏப்ரலில் அவருக்கு நூறு வயது. மூன்று வாரத்துக்குள் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில், முதல் ஆட்டத்தில் 2-0 தோற்றிருந்த பி.எஸ்.வி. இதே ஸ்டேடியத்தில் ஏ.சி. மிலானை 3-1 அடித்தது. ஃபிலிப் கோக்கு இரண்டு, கொரியாவின் பார்க் ஜி-சுங் ஒன்று. முழு நேரம் முடிந்து கூடுதல் நிமிடத்தில் மிலானின் அம்ப்ரோசினி தலையால் முட்டிய ஒரு கோலால், வெளியூர் கோல் கணக்கில் வெளியேறினார்கள். அந்த டிசம்பரில் ஃபிரிட்ஸ் பிலிப்ஸ் மறைந்தார்.

விளம்பரமா என்று கேட்டீர்கள். 1982 முதல் சட்டை நெஞ்சில் இருந்த பிலிப்ஸ் எழுத்து 2016இல் போய்விட்டது. தலைமையகம் 1990களிலேயே ஆம்ஸ்டர்டாமுக்குப் போயாயிற்று. (ஆம், உங்கள் நண்பரின் ஊருக்கு!) பல்பு வியாபாரத்தையே தனியாகப் பிரித்து விட்டுவிட்டார்கள். 2011இல் கிளப்புக்குப் பணமுடை வந்தபோது ஸ்டேடியத்தின் கீழுள்ள நிலத்தை 48.4 மில்லியன் யூரோ கொடுத்து வாங்கி, கிளப்புக்கே குத்தகைக்கு விட்டது ஐந்தோவன் நகராட்சி. வெறும் விளம்பரம் என்றால் விளம்பரதாரர் கிளம்பியதும் கூட்டம் கலைந்திருக்க வேண்டும். 2025இல் லீகின் கடைசி ஐந்து ஆட்டங்கள் மீதமிருந்தபோது அயாக்ஸைவிட ஒன்பது புள்ளி பின்தங்கியிருந்து, கடைசி நாளில் ஒரே புள்ளி வித்தியாசத்தில் பட்டம் வாங்கினார்கள். அதை மட்டும் ஆபீஸில் மெதுவாக எடுத்து விடுங்கள்.

இன்னொன்று. 2019இல் வட்டாரத்துக் கம்பெனிகள் ஐந்து சேர்ந்து 'பிரெய்ன்போர்ட் ஐந்தோவன்' என்ற பெயரைச் சட்டையில் போட்டன. பிலிப்ஸ் அதில் ஐந்தில் ஒன்றாகத் திரும்பி வந்தது. மற்ற நான்கில் ஒன்று ஏ.எஸ்.எம்.எல். அதாவது நீங்கள். ட்ரெந்தேயிலிருந்து மூட்டை முடிச்சோடு வந்து இறங்கியவர்களின் இடத்தில் இப்போது நம் ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். அடுத்த முறை போனால் 'டி' பகுதியில் 43ஆம் சீட்டை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். அப்படியே அந்தத் தாத்தாவிடம், அவரோ அவர் அப்பாவோ பிலிப்ஸில் எந்தப் பிரிவில் வேலை பார்த்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.