ஊசி போடுவதா, வேண்டாமா?

அன்புள்ள அண்ணா,

எனக்கு 26 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ஊருக்கு நான் பெண். அது நான் இல்லை என்று எனக்குப் பன்னிரண்டு வயதிலேயே தெரியும். தை பிறந்தால் கல்யாணம் என்கிறார்கள் வீட்டில். அதற்குள் ஹார்மோன் ஊசியைத் தொடங்கிவிட்டால் யாரும் என்னைக் கட்டாயப்படுத்த முடியாதில்லையா? பின்னால் வருந்துவேனோ என்று பயமாகவும் இருக்கிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்களைத் தம்பி என்று அழைக்கக் கை துறுதுறுக்கிறது. நீங்கள் சொல்லாமல் அழைக்கக் கூடாது என்பதால் எழுத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

கல்யாணத்தையும் ஊசியையும் ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டீர்கள். முதலில் அதை அவிழுங்கள். கல்யாணம் வேண்டாம் என்று சொல்ல உங்கள் வாய் போதும். மிரட்டினால், அடைத்துவைத்தால் பெண்களுக்கான உதவி எண் 181-ஐ அழையுங்கள். மாப்பிள்ளை வீட்டாரைத் துரத்துவதற்காக மட்டும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைப் போட்டுக்கொள்ளாதீர்கள். தை போய்விடும், உடம்பு உங்களோடு இருக்கும்.

ஊசி செய்வதில் சிலது திரும்பும், சிலது திரும்பாது. நின்றுபோன பீரியட்ஸ், ஊசியை நிறுத்தினால் பெரும்பாலும் திரும்ப வரும். கூடிய சதையும் இறங்கும். உடைந்த குரல் திரும்பாது, முளைத்த தாடியும் தானாகப் போகாது. பிள்ளை பெறும் வாய்ப்பு குறையலாம், அதனால் கருமுட்டையைச் சேமிப்பது பற்றி முன்பே டாக்டரிடம் கேளுங்கள். பீரியட்ஸ் நின்றதைக் கருத்தடை என்று நம்பிவிட வேண்டாம். ரத்தத்தில் சிவப்பணு ஏறும், பரிசோதனை தவறக் கூடாது. ஜிம்மில் விற்கும் குப்பியைத் தொடவே தொடாதீர்கள்.

குரலைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் 31 வயதில் தொடங்கினேன். நாலாவது மாதம் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். "யாரப்பா நீ? எம்புள்ளை போன் உங்கிட்ட எப்படி வந்துச்சு?" என்றார். நான்தான்மா என்று மூன்று முறை சொன்னேன். அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் என்னுடைய பழைய வாய்ஸ் மெசேஜ் ஒன்றை அம்மா அழிக்காமல் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது இரண்டு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. அந்தக் குரலோடு முப்பது வருடம் வாழ்ந்தவர் அவரும்தானே. எப்போதாவது தொடங்குவதாக இருந்தால், அதற்கு முன் உங்கள் குரலில் பத்து நிமிடம் பதிவு செய்து வீட்டில் கொடுத்துவிடுங்கள்.

வருத்தம் பற்றிக் கேட்டீர்கள். ஆய்வுகளில் வருந்தியவர்கள் சிறு தொகைதான், ஆனாலும் இருக்கிறார்கள். பயம் வந்துவிட்டதாலேயே நீங்கள் திருநம்பி, அதாவது ஊர் பெண் என்று சொன்னாலும் ஆணாக உணர்பவர், இல்லை என்றாகிவிடாது. திரும்ப முடிகிறவற்றை முதலில் செய்து பாருங்கள். முடியை வெட்டுங்கள். நம்பிக்கையான ஒரு நண்பரிடம் சொல்லி, நீங்கள் வைத்துக்கொண்ட பெயரில் இரண்டு மாதம் கூப்பிடச் சொல்லுங்கள். மார்பைத் தட்டையாகக் காட்டும் உள்ளாடையான பைண்டர் போட்டுப் பாருங்கள், எட்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், தூங்கும்போது கூடாது, கிரேப் பேண்டேஜை இறுக்கிச் சுற்றவே கூடாது. அந்தப் பெயரைக் கேட்கும்போது நெஞ்சு லேசாகிறதா என்று பாருங்கள்.

ஊசியே வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் நீங்கள் நீங்கள்தான். பாலினத்தைச் சொல்ல அறுவை சிகிச்சையை நிபந்தனையாக்குவது சட்டவிரோதம் என்று 2014-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மனநல மருத்துவரைப் பாருங்கள். "உன்னைப் பெண்ணாகவே மாற்றிக் காட்டுகிறேன்" என்று ஒருவர் கிளம்பினால் எழுந்து வந்துவிடுங்கள். அந்த முயற்சிக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் தடை விதித்திருக்கிறது.

இந்த வாரம் கல்யாணப் பேச்சுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். உங்களை எப்படி அழைக்கட்டும் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.