கழுத்தில் கட்டியே இல்லையே, ஏன் ஆபரேஷன்?

கேள்வி: என் அண்ணனுக்கு நாக்கு ஓரத்தில் புற்றுநோய், ஆரம்ப நிலைதான். கழுத்தில் நெறி கட்டவில்லை, ஸ்கேனிலும் ஒன்றுமில்லை. ஆனாலும் கழுத்தைத் திறந்து நெறிக்கட்டிகளை (நிணநீர் முடிச்சுகளை) எடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். நோய் பரவுமா என்று மரபணுப் பரிசோதனையில் பார்த்துவிட்டு முடிவெடுக்கக் கூடாதா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: ஓரிரு மில்லிமீட்டர் அளவில் நெறிக்கட்டிக்குள் பதுங்கிய புற்று, ஸ்கேனில் சிக்காது. அதனால்தான் டாக்டர்கள் நாக்கிலுள்ள கட்டியின் ஆழத்தைப் பார்க்கிறார்கள். 3, 4 மி.மீ.க்கு மேல் இறங்கியிருந்தால் பொதுவாகக் கழுத்தையும் சேர்த்தே செய்துவிடுவார்கள். மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2015இல் வெளியிட்ட ஆய்வில், முதலிலேயே கழுத்திலும் அறுவை செய்துகொண்டவர்களில் 80 சதவீதம் பேர் 3 ஆண்டு கழித்து உயிரோடிருந்தார்கள். நெறி கட்டினால் பார்த்துக்கொள்ளலாம் என்று விடப்பட்டவர்களில் 67.5 சதவீதம்தான்.

மரபணு வழியையும் ஆராய்ந்திருக்கிறார்கள். எந்த மரபணு எவ்வளவு மும்முரமாக வேலை செய்கிறது என்பதை, கட்டியிலுள்ள ஆர்.என்.ஏ. அளவு காட்டிக்கொடுக்கும். நெதர்லாந்தில் 2005இல் 102 மரபணுக்களைக் கொண்டு ஒரு கணிப்பு முறை உருவானது. 2012இல் அதன் விரிந்த வடிவத்தை 222 வாய்ப் புற்று நோயாளிகளிடம் சோதித்தார்கள். ஆரம்ப நிலையில், 'பரவவில்லை' என்று அது சொன்னவர்களில் 89 சதவீதம் பேருக்குச் சரியாக இருந்தது. கையால் தடவியும் ஸ்கேன் எடுத்தும் தப்பவிட்டது 28 சதவீதம். இந்தக் கணிப்பையும் சேர்த்தால் அது 11 சதவீதம். நல்ல முன்னேற்றம்தான், ஆனால் ஒன்பதில் ஒருவருக்கு, பரவிய புற்று இன்னும் கண்ணில் படாமல் போகிறது. அண்ணனின் ஆபரேஷனை இதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். கழுத்து அறுவையில் தோள் நரம்பு பாதிக்கப்பட்டால் கையைத் தூக்கச் சிரமமாகும். பிசியோதெரபியை எப்போது தொடங்கலாம் என்று இப்போதே கேட்டுவையுங்கள்.

கேள்வி: வாய்ப் புற்றின் பரவலுக்குக் காரணமான மரபணு எது? ஆய்வுக்கூடத்தில் திசுவை எப்படிச் சேகரிக்க வேண்டும்?
– உயிரியல் மாணவர், திருச்சி

பதில்: ஒற்றை மரபணு கிடையாது. செல்களை ஒட்டவைக்கும் புரதமான ஈ-கேட்ஹெரின் குறைந்து அந்த ஒட்டு விட்டுப்போகும் என்பது பழைய பாடம். 18 நோயாளிகளின் சுமார் 6,000 செல்களைத் தனித்தனியே படித்த 2017ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வு அதைத் திருத்தியது: செல்கள் முழுமையாக அல்ல, அரைகுறையாகத்தான் உருமாறுகின்றன. லாமினின் காமா-2, போடோபிளானின் போன்ற புரதங்களின் மரபணுக்கள் மும்முரமாகின்றன. அதுவும் கட்டியின் முன்விளிம்பில், அக்கம்பக்க இழைம செல்களின் தூண்டுதலோடு. நடுவில் மட்டும் வெட்டியெடுத்தால் இது தெரியாமலே போகும்.

வெட்டிய சில நிமிடங்களுக்குள் திரவ நைட்ரஜனிலோ ஆர்.என்.ஏ. காக்கும் கரைசலிலோ போட்டுவிடுங்கள். கரைசல் என்றால் துண்டின் தடிமன் 5 மி.மீ. தாண்டக் கூடாது, திசுவைப் போல் 5 முதல் 10 மடங்கு கரைசல் வேண்டும். ஓரிரவு 4 டிகிரி, பிறகு மைனஸ் 80. ஃபார்மலினில் போட்டால் ஆர்.என்.ஏ. துண்டு துண்டாகிவிடும். பக்கத்துச் சீவலைச் சாயமிட்டு, பாதிக்கு மேல் புற்று செல்தானா என்று பாருங்கள். அளந்த மரபணுப் பட்டியலின் தலையில் தசைக்குரிய மயோசினும் கிரியேட்டின் கைனேஸும் வந்து நின்றால், அளந்தது பெரும்பாலும் நாக்குத் தசையைத்தான்.