5.6 என்று எழுதியதும் அதற்குப் பின் எழுதியதும்

அன்புள்ள ஐயா,

மலேசியாவில், பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். டிப்ளோமா முடித்த கையோடு வந்து சேர்ந்தேன், இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் ஓர் இரவு ஷிப்டில் உற்பத்தி எண்ணெயைச் சோதித்தபோது எஃப்.எஃப்.ஏ. (எண்ணெயில் பிரிந்து நிற்கும் கொழுப்பமிலத்தின் விழுக்காடு) 5.6 வந்தது. மறுபடியும் செய்து பார்த்தேன், அதேதான். ஆலையின் வாட்சப் குழுவில் இப்படிப் போட்டேன்: "உற்பத்தி எண்ணெய் எஃப்.எஃப்.ஏ. 5.6. ஸ்டெரிலைசரில் நேரத்தோடு ஏற்றியிருந்தால் இப்படி வராது." ஸ்டெரிலைசர் என்பது பழக் குலைகளை ஆவியில் வேகவைக்கும் கலன்.

எங்கள் ஷிப்ட் சூப்பர்வைசர் உடனே பதில் போட்டார்: "ஏர்கோன் ரூம்ல கண்ணாடிக் குழாயப் பிடிச்சிட்டு உக்காந்திருக்கவங்க ரேம்புக்கு வந்து பாக்கணும். நேத்து வந்தவங்க பாடம் நடத்த வேணாம்." ரேம்பு என்பது லோரிகள் குலைகளைக் கொட்டும் மேடை. எனக்கும் கோபம் வந்துவிட்டது. "பாடம் படிக்காமலே சூப்பர்வைசர் ஆனா இப்படித்தான்" என்று எழுதிவிட்டேன். குழுவில் முப்பது பேருக்கு மேல் இருக்கிறார்கள்.

அதிலிருந்து அவர் என்னிடம் பேசுவதில்லை. மேனேஜர் இருவரிடமும் விளக்கம் எழுதிக் கேட்டிருக்கிறார். சூப்பர்வைசர் எங்கள் ஊர்க்காரர், கோயில் கமிட்டியில் இருப்பவர், சிறு வயதிலிருந்து நான் மாமா என்று கூப்பிடுபவர். அவர் மனைவியும் என் அம்மாவும் நல்ல பழக்கம். "பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேள்" என்று அம்மா தினமும் நச்சரிக்கிறார். உள்ளதை உள்ளபடி சொன்னது தப்பா? நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமா? வேறு ஷிப்டுக்கு மாற்றிக் கேட்கலாமா?

பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீங்கள் எழுதியதில் மூன்று சங்கதி இருக்கிறது. மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, "உள்ளதைச் சொன்னது தப்பா" என்று கேட்கிறீர்கள். பிரித்துப் பார்ப்போம்.

முதலாவது, 5.6. அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. கச்சாச் செம்பனை எண்ணெய் வியாபாரத்தில் எஃப்.எஃப்.ஏ. 5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். சண்டை வேண்டாமே என்று நீங்கள் 4.9 என்று எழுதியிருந்தால், அந்த எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்குப் போய் அங்கே இன்னொருவர் சோதிக்கும்போது மாட்டிக்கொள்ளும். அப்போது ஏச்சு உங்களுக்கு மட்டும் இல்லை, அவருக்கும் சேர்த்து. எண்ணெயைக் கரைத்து, சொட்டுச் சொட்டாகக் காரத்தை விட்டு, இளஞ்சிவப்பு நிறம் கலையாமல் நிற்கிற இடத்தில் நிறுத்தி அளவைப் படித்திருக்கிறீர்கள். அதுவும் இரண்டு முறை. அந்தச் சிவப்புக்கு மாமா, மச்சான் தெரியாது. அந்த வரி அப்படியே இருக்கட்டும்.

இரண்டாவது, "ஸ்டெரிலைசரில் நேரத்தோடு ஏற்றியிருந்தால்" என்றது. இங்கேதான் நீங்கள் சோதனை செய்யாத ஒன்றைச் சோதனை முடிவு மாதிரி எழுதிவிட்டீர்கள்.

அமிலம் எங்கே ஏறுகிறது? பழம் அடிபட்டவுடனேயே அதற்குள் இருக்கும் நொதி எண்ணெயை உடைக்க ஆரம்பித்துவிடுகிறது. ஆவியில் வேகும்வரை அது நிற்காது. வெட்டிய குலை ஆவியைப் பார்ப்பதற்குள் எத்தனை கை மாறுகிறது என்று எண்ணிப் பாருங்கள். தோட்டத்தில் வெட்டை மேற்பார்க்கும் மண்டோர் முற்றிப்போன குலையை அனுப்பியிருக்கலாம். உங்கள் பக்கம் களிமண்ணும் சதுப்பும்தானே, மழையில் டிராக்டர் இறங்க முடியாமல் நேற்று வெட்டியது இன்று சாயங்காலம் வந்திருக்கலாம். காய்ப்பு அதிகமான மாதமென்றால் லோரிகள் வாசலில் வரிசை கட்டி நின்றிருக்கலாம். ரேம்பில் புல்டோசர் மாதிரி தள்ளுகிற லோடர் ஓட்டுநர் பாதிக் குலையை நசுக்கியிருக்கலாம். இத்தனை பேர் கையும் பட்ட பிறகு கடைசியாக நிற்பது ஸ்டெரிலைசர். நீங்கள் கடைசி ஆளைப் பிடித்துக்கொண்டீர்கள். உங்கள் ஊகம் சரியாகக்கூட இருக்கலாம், அன்றைக்கு அவர் ஷிப்ட் உண்மையிலேயே சோம்பியிருக்கலாம். ஆனால் அதை எழுதும்போது உங்கள் கையில் இருந்தது ஓர் அளவு மட்டும்தான்.

அவருக்குக் கோபம் வந்தது இந்த வரியால்தான் என்று நினைக்கிறேன். "ரேம்புக்கு வந்து பாக்கணும்" என்று அவர் சொன்னதில் திமிரும் இருக்கிறது, நியாயமும் இருக்கிறது. நியாயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஓர் ஆலையில் லோரிகளை எடை போடும் எடைப் பாலத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தபோது தினமும் பார்த்த சண்டை, குலை தரம் பிரிப்பவருக்கும் தோட்டத்து மண்டோருக்கும். "காய்க் குலையா அனுப்புறீங்க" என்பார் இவர். "உன் கண்ணுல கோளாறு" என்பார் அவர். ஒருநாள் தரம் பிரிப்பவர் வாயைத் திறக்கவே இல்லை. இரும்புக் கொக்கியால் ஒரு குலையை இழுத்து மண்டோர் காலடியில் போட்டு, "எண்ணுங்கண்ணே" என்றார். பழுத்த குலை என்றால் பழம் உதிர்ந்த புதுக் குழிகள் குறைந்தது 10 இருக்க வேண்டும், அதுதான் கணக்கு. மண்டோர் குந்தி உட்கார்ந்து, முள் குத்தக் குத்தக் குலையைப் புரட்டிப் புரட்டி எண்ணினார். நான்கைந்துக்கு மேல் தேறவில்லை. அடுத்த குலை. அதில் 10-க்கு மேல் இருந்தது. "இது பழுத்தது, பாத்துக்க!" என்று கத்தினார். "சரிண்ணே, எடுத்துக்கிறேன்" என்று இவரும் ஒதுக்கி வைத்தார். இருவர் குரலும் குறையவில்லை, நல்ல வார்த்தையும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் சண்டை குலையோடு நின்றது. கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் ஓட்டுக்கடையில் தே தாரே குடித்துக்கொண்டிருந்தார்கள். காசு யார் கொடுப்பது என்று அங்கேயும் ஒரு சத்தம்.

ஆகவே சத்தமாகப் பேசுவதோ முகத்துக்கு நேரே சொல்வதோ எனக்குப் பெரிய குற்றமாகத் தெரியவில்லை. சொல்லப்போனால் ஆலையில் அது வேண்டும். ஸ்டெரிலைசர் என்பது 3 பார் அழுத்தத்தில், 140 பாகைச் சூட்டில் ஆவி அடைபட்டிருக்கும் கலன். அதன் கதவோரம் ஆவி கசிவதைப் பார்த்தவர், மூத்தவர் மனம் நோகுமே என்று யோசித்துக்கொண்டு நிற்க முடியாது. தள்ளிப் போ என்று கத்தத்தான் வேண்டும். கண்டும் காணாமல் இருக்கும் "மரியாதை" ஆலையில் ஆளைக் கொல்லும்.

இப்போது மூன்றாவது வரிக்கு வருகிறேன். "பாடம் படிக்காமலே."

இதற்கு நீங்கள் மன்னிப்புக் கேட்கத்தான் வேண்டும். அவருக்கு என்ன வயது என்று நீங்கள் எழுதவில்லை. நீங்கள் சிறு பிள்ளையாக இருந்தபோதே மாமா என்றால் ஐம்பது இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு படிப்பு நின்றுபோனவர்கள் அந்தத் தலைமுறையில் ஏராளம். இடைநிலைப் பள்ளி டவுனில் இருந்தது, பஸ் காசு வீட்டில் இல்லை. அப்படி வந்தவர் ரேம்பில் குலை தள்ளி, ஆவியில் வெந்து, சூப்பர்வைசர் ஆகியிருக்கிறார். எஃப்.எஃப்.ஏ.வுக்கும் அவர் படிப்புக்கும் என்ன சம்பந்தம்? முப்பது பேர் பார்க்கிற இடத்தில், டிப்ளோமா படித்த பெண், அதுவும் சொந்த ஊர்ப் பெண், அதை எடுத்து அவர் முகத்தில் அடித்துவிட்டீர்கள். நீங்கள் சொன்ன மற்றதெல்லாம் அந்த ஒரு வரியில் அடிபட்டுப் போயிற்று. இன்றைக்கு ஆலையில் யாராவது 5.6-ஐப் பற்றிப் பேசுகிறார்களா?

அவர் பக்கம் தப்பே இல்லையா என்றால், இருக்கிறது. "நேத்து வந்தவங்க" என்பதை ஓர் ஆண் இன்ஜினியரிடம் அவர் சொல்லியிருக்க மாட்டார். நீங்கள் பெண், இளையவர், மாமா என்று கூப்பிடுகிற பிள்ளை, அதனால் வாய் வந்தது. இதை அவரிடம் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் மன்னிப்புக் கேட்கிற அன்றைக்கே வேண்டாம். "நான் செஞ்சது தப்புதான், ஆனா நீங்க மட்டும்…" என்று தொடங்கினால் அது மன்னிப்பு இல்லை, சண்டையின் அடுத்த சுற்று.

இந்த இடத்தில் கொஞ்சம் பழங்கதை. விடியுமுன்னே பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நின்ற வரிசையில், எல்லார் காதும் கேட்கக் கங்காணி ஏசுவார். தோட்டத்தில் குறை சொல்வது என்றாலே அதுதான். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு இன்னொன்றையும் கேட்டார்கள்: துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். கூலிக்குச் சமமாக மானத்தையும் கேட்ட கூட்டம் நம்முடையது. நியாயமான கோரிக்கை. ஆனால் அந்தப் பெரட்டுக் களம் நமக்கு இரண்டு பழக்கத்தைத்தான் விட்டுப் போயிருக்கிறது. ஏசினால் தலை குனிந்து வாங்கிக்கொள்வது, இல்லையென்றால் ஒருநாள் பொங்கித் திருப்பி அடிப்பது. வேலையை மட்டும் பேசிவிட்டு, பேசிய இருவரும் அதே உயரத்தில் நின்று கலைவது என்பதை யாரும் நமக்குப் பழக்கவில்லை. உங்கள் வாட்சப் குழுவும் ஒரு பெரட்டுக் களம்தான், முன்னால் நிற்பவர் மட்டும் நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறார்.

அம்மா சொல்கிறபடி பழத்தோடு வீட்டுக்குப் போகாதீர்கள். அம்மா மேல் தப்பில்லை, அவர் காலத்தில் ஊர் வழக்கு அப்படித்தான் தீர்ந்தது. வீட்டுக்குப் போனால் அத்தை காபி கொடுப்பார், "சின்னப் பிள்ளை, தெரியாம சொல்லிடுச்சு" என்று யாராவது சொல்வார்கள், அவரும் பெருந்தன்மையாகத் தலையாட்டுவார். நீங்கள் சின்னப் பிள்ளையாக வெளியே வருவீர்கள். அடுத்த முறை 5.6 வந்தால் எழுதக் கை வருமா? ஆலையில் நடந்ததை ஆலையிலேயே முடியுங்கள். ஷிப்ட் தொடங்குமுன் அவர் தனியாக இருக்கும்போது நேரே போய், "மாமா, உங்க படிப்பைப் பத்தி எழுதினது தப்பு, மன்னிச்சிடுங்க" என்று சொல்லுங்கள். அவ்வளவு போதும். அவர் முகம் கொடுக்காவிட்டாலும் சரி. அப்புறம், அந்த வரி குழுவில் போனதால் குழுவிலும் ஒரே வரி: படிப்பைப் பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், மன்னிக்கவும். கை கூப்பும் படமெல்லாம் வேண்டாம்.

மேனேஜருக்கு எழுத வேண்டிய விளக்கத்தைப் பற்றிப் பதற வேண்டாம். விளக்கம் கேட்பது தண்டனை இல்லை. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஒழுங்கீனம் என்று சொல்லி ஒருவரை நீக்கவோ பதவி இறக்கவோ முறையான விசாரணை நடந்திருக்க வேண்டும். தேதி, மணி, மாதிரி எடுத்த இடம், இரண்டு முறை வந்த அளவு, பிறகு நீங்கள் போட்ட இரண்டு செய்திகளும் சொல்லுக்குச் சொல். ஸ்டெரிலைசர் பற்றி எழுதியது ஊகம் என்றும், படிப்பைப் பற்றி எழுதியது தவறு என்றும் நீங்களே எழுதிவிடுங்கள். அவர் எழுதியதற்கு அர்த்தம் சொல்ல வேண்டாம். அதை அவர் விளக்குவார்.

கூடவே ஒரு யோசனையையும் சேர்க்கலாம். ஆய்வுக்கூடம் அளவையும் நேரத்தையும் மட்டும் போடட்டும், காரணம் எழுதும் கட்டத்தைக் காலியாக விடட்டும். லோரி வந்த நேரமும் ஆவியில் ஏற்றிய நேரமும் ஷிப்ட் ஆட்கள் கையில்தான் இருக்கிறது, அந்தக் கட்டத்தை அவர்கள் நிரப்பட்டும். மேனேஜர் ஏற்பாரா, மாட்டாரா என்பது வேறு விஷயம்.

ஷிப்ட் மாற்றம் இப்போது கேட்க வேண்டாம். கேட்டால் ஓடிப்போனதாக ஊரில் பேசுவார்கள், அதைவிட முக்கியம், புது ஷிப்டிலும் ஒரு நாள் 5 தாண்டும். இந்த ஷிப்டிலேயே அப்படித் தாண்டுகிற அன்று, அளவைக் குழுவில் போட்ட கையோடு ரேம்புக்கு நடந்து போய், எந்த லோரி எத்தனை மணிக்கு வந்தது என்று அவரிடமே கேளுங்கள். முதல் தடவை முறைப்பார். வேலை சம்பந்தமாகக் கேட்டும் திரும்பத் திரும்பப் பதில் வரவில்லை என்றால், கேட்ட தேதிகளைக் குறித்து வைத்து மேனேஜரிடம் எழுத்தில் கொடுத்துவிட்டு, அப்போது மாற்றம் கேளுங்கள்.